பதில்: பாதியில் நின்றுபோன இற்றைப்படுத்தலுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் இற்றைப்படுத்தல் (அப்டேட்) பாதியில் நின்றுபோனால் அந்த நிலையைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று கேட்ட இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'பகுதி இற்றை', 'அரைகுறை இற்றை', 'பதிப்பு முரண்', 'இடைமுறிவு' என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் ஒன்றைச் சொல்ல வருகிறேன்: தொட்டகுறை. அதற்கு முன்னால், போன மாதம் மதுரை மாவட்டம் கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலை வராமல் போயிருந்தால் எனக்கு இந்தச் சொல் தோன்றியிருக்காது.

ஆலையின் உற்பத்திக் கணக்கு முழுவதும் மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் இருக்கிறது. அதை அறிக்கையாக்கித் தருவது அதனோடு சேர்ந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற மென்பொருள். எந்த ஷிப்டில் எத்தனை கிலோ நூல், எந்தக் கவுண்ட் (நூலின் பருமன் அளவு), எந்த மெஷினில் எத்தனை தடவை இழை அறுந்தது என்பதெல்லாம் காலை எட்டரை மணிக் கூட்டத்துக்கு அச்செடுத்து மேசைமேல் வைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஆலை ஓட்டம் குறைவாக இருக்கும்போது இற்றைப்படுத்துவது எங்கள் வழக்கம். முடிந்ததும் ஒரு சிறு கண்காணிப்பு நிரல் சேவையைத் திரும்பத் தொடங்கி, மாதிரிக்கு ஓர் அறிக்கையைத் திறந்து பார்க்கும். திறந்தால் சரி. திறக்காவிட்டால் எங்கள் எல்லோருடைய போனுக்கும் தமிழில் ஒரு செய்தி வரும்: 'இற்றைப்படுத்தல் தோல்வி'. அந்த வாசகத்தை எழுதியவன் நான்.

திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் செய்தி வந்தது. இரவுப் பணியில் இருந்த தம்பி கூப்பிட்டார். "அண்ணே, அப்டேட் தோல்வின்னு வந்திருக்குண்ணே. திரும்ப ஓட்டட்டுமா?" நானும் தூக்கக் கலக்கத்தில் "ஓட்டுப்பா" என்றேன். தோல்வி என்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதானே பொருள்? நடக்காததைத் திரும்பச் செய்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

நிறுவியோ (இன்ஸ்டாலர்) 'ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது' என்றது. பழுது நீக்கு, அகற்று என இரண்டு வழிகளைக் காட்டியது. தம்பி பழுது நீக்கிப் பார்த்தார், பலனில்லை. "அகற்றிட்டுப் புதுசாப் போட்டுரவாண்ணே?" என்று கேட்டபோதுதான் எனக்கு முழுவதுமாகத் தூக்கம் கலைந்தது. "எதையும் தொடாதே, பதிவுக் கோப்பைத் திற" என்றேன். நடந்ததையெல்லாம் சேவை வரிசையாக எழுதி வைக்கும் லாக் கோப்பு அது. அதில் தெளிவாகவே இருந்தது: அறிக்கைத் தரவுத்தளத்தின் பதிப்பு சரியில்லை, அல்லது அதைப் படிக்க முடியவில்லை, கண்டது இந்தப் பதிப்பு, எதிர்பார்த்தது அந்தப் பதிப்பு.

ரிப்போர்ட்டிங் சர்வீசஸுடன் பழகாதவர்களுக்காக ஒரு விளக்கம். அதற்குச் சொந்தமாக இரண்டு தரவுத்தளங்கள் உண்டு. ரிப்போர்ட்சர்வர் என்பதில் அறிக்கைகளின் வரையறை, கோப்புறைகள், யாருக்கு என்ன அனுமதி, எந்த அறிக்கை எந்த நேரத்துக்கு யாருக்குப் போக வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் இருக்கும். மற்றது ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி, அது தற்காலிகச் சரக்குக்கு. 2017 பதிப்பிலிருந்து இந்த அறிக்கைச் சேவைக்குத் தனி நிறுவி வந்துவிட்டது. இற்றைப்படுத்தும்போது முதலில் வட்டில் நிரல் கோப்புகள் மாறுகின்றன. பிறகு சேவை எழுந்து, தரவுத்தளத்தின் பதிப்பைப் பார்த்து, அது பழையதாக இருந்தால் தானே அதன் உள்ளமைப்பை (ஸ்கீமா) மாற்றிக்கொள்கிறது. இந்த இரண்டாவது வேலைக்கு, சேவை எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அந்தச் சேவைக் கணக்குக்கு உரிமை வேண்டும்.

எங்கள் இடத்தில் அந்த உரிமை இல்லை. சில மாதங்களுக்கு முன் தணிக்கையில், இந்தக் கணக்குக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். கேட்டது நியாயம்தான். அதனால் தரவுத்தள உரிமையாளர் நிலையிலிருந்து அதைக் கீழே இறக்கிவிட்டோம். தினசரி வேலை தடையில்லாமல் நடந்தது. இற்றைப்படுத்தும் நாளில்தான் அதன் விளைவு தெரிந்தது. நிரல் புதிதாகிவிட்டது, தரவுத்தளம் பழையதாகவே நின்றுவிட்டது.

தரவுத்தளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பரிமாற்றம் (டிரான்சாக்‌ஷன்) என்றால் முழுதும் நடக்கும், இல்லையேல் ஒன்றுமே நடக்காது என்று நம்பியே நாங்கள் வளர்ந்தோம். அந்த உறுதிமொழி தரவுத்தளத்தின் எல்லைக்குள் மட்டும்தான். இற்றைப்படுத்தலோ வட்டிலுள்ள கோப்பு, விண்டோஸ் பதிவேடு (ரெஜிஸ்ட்ரி), சேவை, தரவுத்தளம் எல்லாவற்றையும் கடந்து போகிற வேலை. அவற்றையெல்லாம் ஒரே முடிச்சாகக் கட்டி வைக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் பாதியில் நிற்பது எப்போதாவது வருகிற விபத்தல்ல, இந்த வேலையின் அமைப்பிலேயே உள்ள ஒன்று. அப்படியானால் அதற்கென்று ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்.

அகற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளங்கள் அழிந்திருக்காது. ஆனால் தரவு மூலங்களுக்கான கடவுச்சொற்களை மறைகுறியாக்கி வைத்திருக்கும் சாவி ஒன்று இருக்கிறது. புதிதாக நிறுவினால் அந்தச் சாவியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எங்களிடம் சாவியின் காப்புக் கோப்பு இருந்தது. அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் அப்போது ஆலையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அகற்றியிருந்தால், சேமித்து வைத்திருந்த ஒவ்வோர் இணைப்பின் கடவுச்சொல்லையும் தேடிப் பிடித்துத் திரும்ப உள்ளிட வேண்டியிருந்திருக்கும்.

சரி, கடைசியில் செய்தது சின்ன வேலைதான். இரண்டு தரவுத்தளங்களுக்கும் காப்புநகல் எடுத்தோம். சேவைக் கணக்குக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்துச் சேவையைத் திரும்பத் தொடங்கினோம். அது தானாகவே மிச்ச வேலையை முடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு அறிக்கை வந்துவிட்டது. அப்புறம் செய்த முதல் வேலை, சாவிக்குப் புதிய காப்பு எடுத்து, அதன் கடவுச்சொல்லை இரண்டு பேர் பொறுப்பில் வைத்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அன்று காலை எங்களைத் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போனது 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நிலைகள் கிடக்கின்றன. ஒன்று, வேலை தொடங்கவே இல்லை. இரண்டு, தொடங்கிப் பழைய நிலைக்கே ஒழுங்காகத் திரும்பிவிட்டது. இதற்குப் 'பின்வாங்கல்' (ரோல்பேக்) என்று நாம் முன்பு பேசியதே எனக்குச் சம்மதம். மூன்று, தொடங்கியது, முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை. முதல் இரண்டுக்கும் காரணத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப ஓட்டலாம். மூன்றாவதில் கையை வைப்பதற்கு முன் எதுவரை நடந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

'பகுதி இற்றை' ஏன் போதாது என்றால், வேண்டுமென்றே ஒரு பகுதியை மட்டும் இற்றைப்படுத்துவதும் உண்டு. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவைக்கிறோமே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். 'பதிப்பு முரண்' நல்ல சொல், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் அது நோயின் அறிகுறி. புதிய சேவையகத்தில் ஒரு பழைய காப்புநகலை ஏற்றினாலும் பதிப்பு முரண் வரும், அங்கே இற்றைப்படுத்தலே நடந்திருக்காது. 'இடைமுறிவு' முறிந்த கணத்தைச் சொல்கிறது, அதற்குப் பிறகு நீடிக்கும் நிலையைச் சொல்லவில்லை.

'அரைகுறை' எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் அது வசவு. "அரைகுறையாச் செஞ்சு வச்சிருக்கான்" என்றால் செய்தவனைத் திட்டுவதாகத்தான் அர்த்தம். அன்றைக்கு அந்தத் தம்பி எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் திரையில் போய் அரைகுறை என்று எழுதிக் காட்ட நான் ஒப்பமாட்டேன்.

தொட்டகுறை என்ற சொல்லை நான் எங்கள் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். சோழவந்தான் பக்கத்து வயல் எங்களுடையது, பெரியாறு பாசனம். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில், நடவு பாதி நடக்கும்போதே வாய்க்காலில் நீர் நின்றுவிடும். "நடவு தொட்டகுறையாக் கெடக்கு" என்பார் அப்பத்தா. அந்த நிலையில் வயலை என்ன செய்வது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். நட்டதைப் பிடுங்குவதில்லை, முதலிலிருந்து திரும்ப நடுவதும் இல்லை. மிச்ச நாற்று முற்றிப்போவதற்குள் எப்படியாவது தண்ணீர் பார்த்து, விட்ட இடத்திலிருந்து நட்டு முடிப்பார்கள். நாற்று முற்றிப்போனால் முதலில் நட்டதும் பின்னால் நட்டதும் ஒன்றாக விளையாது. அன்று காலை நாங்கள் செய்ய வேண்டியிருந்ததும் இதுவேதான்.

இந்தச் சொல்லில் பழி இல்லை. தொட்டாயிற்று என்பதும் குறை இருக்கிறது என்பதும் இரண்டே உறுப்பில் வந்துவிடுகின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது, அடுத்துச் செய்ய வேண்டியதையும் அதுவே காட்டுவது. குறை என்றால் தீர்க்க வேண்டும். திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிற எல்லோருக்கும் குறைதீர்க்கும் நாள் தெரியும். பொத்தானில் 'குறை தீர்' என்று போட்டால் போதும், தனியாக விளக்கம் வேண்டாம்.

விட்டகுறை தொட்டகுறை என்பது முற்பிறவித் தொடர்பைச் சொல்வதாயிற்றே என்று சிலர் நினைக்கக்கூடும். உண்மைதான். ஆனால் கடலில் அலையாகவும் மேடையில் திரைச்சீலையாகவும் இருந்த திரை கணினிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. குழந்தையின் நெற்றியில் இருந்த சுட்டி நம் கைக்குள் வந்துவிட்டது. பழைய பொருளும் அழியவில்லை, புதியதும் குழம்பவில்லை. அதற்காக இணையாக 'விட்டகுறை'யையும் உள்ளே இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இன்னும் போடாத இற்றைக்கு 'நிலுவை' என்ற சொல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதும்போது ஒரு கவனம். இது பெயரெச்சத் தொடர், ஒற்று மிகாது. 'தொட்டக்குறை' என்று எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'இற்றை' சங்கப் பாட்டிலேயே இருக்கும் சொல், ஈழத்து நண்பர்கள் அன்றாடம் புழங்குவது, எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் கயிறு நைந்து அறுந்தால் 'இத்துப்போச்சு' என்போம். எழுத்தில் அது இற்றுப்போதல். 'இற்றைப்படுத்தல் தோல்வி' என்ற செய்தியைப் பார்த்த ஆலையின் மூத்த ஃபிட்டர் ஒருவர், ஏதோ வட்டு இற்றுப்போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டார். ஆலையில் வேலை செய்கிறவருக்கு அதுதான் முதலில் தோன்றும். அதனால் செய்தியில் இற்றை என்ற சொல் வரும் இடத்தில் பக்கத்திலேயே மென்பொருளின் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது.

எங்கள் கண்காணிப்பு நிரலில் வாசகத்தை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்:

'ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இற்றைப்படுத்தல் தொடங்கவில்லை. காரணம் பார்த்துத் திரும்ப ஓட்டலாம்.'

'ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இற்றைப்படுத்தல் பின்வாங்கியது. பழைய பதிப்பு ஓடுகிறது.'

'ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இற்றைப்படுத்தல் தொட்டகுறையாக நிற்கிறது. நிரல் புதியது, தரவுத்தளம் பழையது. திரும்ப ஓட்டவோ அகற்றவோ வேண்டாம். பதிவுக் கோப்பைப் பார்க்கவும்.'

கொங்குப் பகுதியிலும் நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் மூன்றாவது வாசகத்தை வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி, விளக்காமலே புரிகிறதா என்று எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் இதே நிலைக்கு வயலிலோ தறியிலோ வேறு சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த மாத இற்றைப்படுத்தலுக்கு முன்னால் வாசகத்தை மாற்ற எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து