லைம்லைட்டில் எலுமிச்சை எங்கே வந்தது?

திண்ணைவாசி:
ஆபீசில் ஒரு நடிகரைப் பற்றிப் பேச்சு வந்தது, அவர் இன்னும் லைம்லைட்டில்தான், அதாவது புகழ் வெளிச்சத்தில்தான் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் உடனே, லைம் என்றால் எலுமிச்சை, அந்தக் காலத்து மேடை விளக்கு எலுமிச்சை நிறத்தில் எரியும், அதனால்தான் அந்தப் பெயர் என்று அடித்துச் சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

மஞ்சள்பூ:
நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன் :)

சூளைமேட்டான்:
எலுமிச்சை இல்லைங்க, சுண்ணாம்பு! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் லைம்தான், ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, ஆனால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பழத்தின் பெயர் அரபு, பாரசீகப் பக்கமிருந்து போனது. சுண்ணாம்பின் பெயர் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு, பசை, சாந்து மாதிரி ஒட்டுகிற எதற்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் ஆக்சிஜன், ஹைட்ரஜன் கலந்த சுடரைப் பாய்ச்சினால் அது லேசில் உருகாது (2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும்), அதற்குப் பதில் கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக ஒளிரும். அந்த வெளிச்சம்தான் லைம்லைட். 1820-களில் கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்ற ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் கண்டது இது. தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவப் பொறியாளர் இதை அயர்லாந்து நில அளவைக்குக் கொண்டுபோய், மலை உச்சியில் ஏற்றி 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்க வைத்தார். லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டரில் மேடைக்கு வந்தது 1837-ல்.

மஞ்சள்பூ:
சரி, புகழுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சூளைமேட்டான்:
லென்ஸ் வைத்து வெளிச்சத்தைக் குவித்து ஒரே நடிகர் மேல் விழ வைக்கலாம், அவர் நகர நகர விளக்கும் கூடவே போகும். மற்றவர்கள் மங்கலில் நிற்க, கூட்டத்தின் கண் முழுக்க அவர் மேல்தான். ஆனால் அந்தப் புகழுக்கு ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள் காவல்! சுடர் பட்ட இடம் குழிந்துகொண்டே போகும், அதனால் கட்டியை அடிக்கடி திருப்பிவிட வேண்டும். அப்புறம் மின்சார ஆர்க் விளக்கு வந்து இதை ஓரங்கட்டிவிட்டது. ஆனாலும் பிரிட்டனில் மேடைக்காரர்கள் ஃபாலோ ஸ்பாட்டை (நடிகர் கூடவே நகரும் விளக்கை) இன்றைக்கும் லைம் என்றுதான் சொல்கிறார்கள்.

திண்ணைவாசி:
நன்றிங்க. நாளைக்கு அவர் மேஜையில் ஒரு வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா வைத்துவிட வேண்டியதுதான்.

சூளைமேட்டான்:
அது நீற்றின சுண்ணாம்பு, அதாவது ஏற்கெனவே தண்ணீர் சேர்த்தது. நீற்றாத கல்லாக வாங்கி வையுங்கள், தண்ணீர் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொதித்துவிடும்.