குஞ்சுகள் ஒரே பக்கம் குவிகின்றன

குழு: நம்ம குடும்பம்

மலர் (மாலை 6:40): பெரியம்மா, கோழிக்குஞ்சுகளை முட்டை பொரிக்கும் இன்குபேட்டரிலிருந்து, குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் புரூடருக்கு மாற்றிவிட்டோம். நன்றாக உலர்ந்துதான் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் போய், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓயாமல் கத்துகின்றன. பசியாக இருக்குமோ?

மலர் (6:41): [புகைப்படம்]

பெரியம்மா (6:47): பசி இல்லை கண்ணு. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், இரண்டு நாள் வரைக்கும் அது தாங்கும். இது குளிர். அவை குவிந்திருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே ஜன்னல் இருக்கிறதா?

மலர் (6:48): ஆமாம், திறந்திருக்கிறது.

பெரியம்மா (6:50): அந்தக் காற்றுக்கு ஒதுங்கித்தான் அங்கே போயிருக்கின்றன. ஜன்னலை முழுக்கச் சாத்த வேண்டாம், அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். குஞ்சுகளின் மேல் நேரே அடிக்காதபடி ஒன்றரை அடி உயர அட்டையை வட்டமாகச் சுற்றி வை. மூலை இருந்தால் அங்கே போய் அடைந்து, அடியில் மாட்டிய குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கதிர் (6:52): அக்கா, என்ன பல்பு போட்டிருக்கிறாய்?

மலர் (6:52): எல்இடி, 12 வாட்.

கதிர் (6:54): அது வெளிச்சம் தரும், குஞ்சுகளுக்குப் போதிய சூடு தராது. பழைய குண்டு பல்பு வேண்டும், இல்லாவிட்டால் புரூடருக்கென்றே வரும் ஹீட் பல்பு. குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு.

சித்தப்பா (6:58): ஹீட் பல்பு வாங்கினால் டெஃப்லான் பூச்சு உள்ளதை வாங்காதே. சூடேறியதும் அதிலிருந்து வரும் புகை பறவைகளுக்கு விஷம். விளக்கைக் கிளிப்பை நம்பி மாட்டாமல் சங்கிலியில் தொங்கவிடு. கழன்று உமியில் விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும். இதில் மட்டும் சோம்பல் கூடாது மலர்.

மலர் (6:59): சரி சித்தப்பா. வீட்டில் 60 வாட் குண்டு பல்பு இருக்கிறது, சங்கிலியிலேயே மாட்டுகிறேன். எவ்வளவு சூடு இருக்க வேண்டும்?

பெரியம்மா (7:10): முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வா, விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினால் போதும். ஐந்தாறு வாரத்தில் இறகு முளைத்துவிடும், பிறகு அவையே உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். இப்போது இருக்கும் பூமயிரால் அது முடியாது. தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும், வேண்டும்போது குஞ்சு வெளியே வரும், குளிர்ந்தால் உள்ளே போகும். அதனால் விளக்கை நடுவில் தொங்கவிட்டு, ஓரங்களைச் சூடு குறைவாக விடு. எங்கே நிற்பது என்று குஞ்சே பார்த்துக்கொள்ளட்டும்.

தெர்மாமீட்டர் வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் குஞ்சுகளைத்தான் பார்ப்பேன். விளக்கடியில் நெருக்கி நின்று கத்தினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கப்போட்டால் சூடு அதிகம். இடம் முழுக்கப் பரவி, மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் மெல்லக் கீச்சிட்டால் சரியாக இருக்கிறது.

மலர் (7:14): கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறேன், போதுமா?

கதிர் (7:16): வேண்டாம், வழுக்கும். கால் விரிந்துபோய் நடக்க முடியாமல் ஆகிவிடும். உமி அல்லது மரச்சீவல் இரண்டு அங்குலம் போடு. ஈரமானதை அன்றன்றே அள்ளிவிடு. ரத்தக்கழிச்சல் நோய்க்கிருமி ஈரத்தில்தான் பெருகும்.

பெரியம்மா (7:19): தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வை, குஞ்சு உள்ளே விழுந்து நனையாது. ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தொட்டுவிட்டால் குடிக்கப் பழகிவிடும்.

மலர் (இரவு 9:35): [புகைப்படம்]

மலர் (9:36): பல்பை மாற்றி, அட்டை சுற்றி, உமியும் போட்டாகிவிட்டது. பரவி நிற்கின்றன, சத்தமும் அடங்கிவிட்டது! ஆனால் ஒன்றின் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

பெரியம்மா (9:40): உடனே எடுக்க வேண்டும், துவாரம் அடைபட்டால் குஞ்சு பிழைக்காது. ஆனால் பிய்க்காதே, தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுத் துடை. ஈரம் போக உலர்த்தியபின் விளக்கடியில் விடு. வயிற்றுப் பக்கம் காய்ந்த புள்ளி தெரிந்தால் அது தொப்புள், அதைத் தொடாதே.

மலர் (9:58): துடைத்து விட்டுவிட்டேன். தண்ணீர் குடிக்கிறது. மின்சாரம் போனால் என்ன செய்வது?

சித்தப்பா (10:01): பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி நடுவில் வை. ஆறியதும் மாற்று. இப்போதே இரண்டு பாட்டில் எடுத்து வைத்துவிடு.

கதிர் (10:03): தொட்டபின் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குட்டிப் பையனை முத்தம் கொடுக்க விடாதே. குஞ்சு நன்றாக இருந்தாலும், நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி அதன்மேல் இருக்கலாம்.

பெரியம்மா (10:06): வெள்ளைக்கழிச்சல் (ராணிகேட்) நோய் வராமலிருக்க முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து விட வேண்டும். நாளைக்குக் கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டு வை.

மலர் (10:07): காலையில் முதல் வேலை அதுதான் பெரியம்மா.