ஈ.சி.ஆர் கடலோர மனை: 200 மீட்டர் விதி யாருக்கு?

தெம்பனிஸ் சேகர்
சென்னையை அடுத்த முட்டுக்காட்டுக்குத் தெற்கே, ஈ.சி.ஆருக்கும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடலுக்கும் நடுவில் ஒரு மனை பார்த்திருக்கோம். கடலிலிருந்து 260 மீட்டர், 200 மீட்டர் தடையைத் தாண்டியாச்சு, டி.டி.சி.பி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரமும் இருக்குன்னு தரகர் சொல்றார். கரையை ஒட்டியே பங்களாக்கள் நிக்குது, சி.ஆர்.இசட்டை (கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி) யாரும் கண்டுக்கிறதில்லைன்னும் சொல்றார். சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அளவைக்காரர்
அந்த 260 எங்கிருந்து அளந்தது சார்? அலை நுரை தொடுற இடத்திலிருந்துன்னா அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. விதி அளக்கிறது உயர் அலைக் கோட்டிலிருந்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) தண்ணீர் நிலத்துக்குள் எதுவரை ஏறுதோ அதுதான் கோடு. மணலில் நின்று பார்த்தால் தெரியாது, அரசு ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில்தான் இருக்கும்.

வரைபடத்திலும் அளவுகோலைப் பாருங்க. 1:25,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனிலேயே ஒரு கிரவுண்டு மனை காணாமல் போயிடும். புல எண் வாரியாக வரையப்பட்ட 1:4,000 தாள் வேணும், அதில் ஒரு மில்லிமீட்டர் 4 மீட்டர்தான். மனையின் எஃப்.எம்.பி ஸ்கெட்ச்சை (புல அளவை வரைபடம்) அந்தத் தாளின் மேல் பொருத்தி, அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் வரைபடம் வாங்குங்க. கைப்பேசி ஜி.பி.எஸ்ஸை நம்பி முடிவெடுக்காதீங்க.

அப்புறம், 200 தாண்டினாலே விடுதலை கிடையாது. கட்டுப்பாடு 500 மீட்டர் வரை இருக்கு. ஊரகக் கடற்கரையான மூன்றாம் வகை மண்டலத்தில், மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட் அறிவிப்பின்படி முதல் 200 மீட்டர் தடை. 200 முதல் 500 வரை வீடு கட்டலாம், ஆனால் 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும்தான். அதுவும் ‘பாரம்பரிய உரிமை, வழக்கமான பயன்பாட்டுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடு. தரகர்கள் இந்த வரியை வாய் திறந்து சொல்றதே இல்லை.

பாசிர் ரிஸ் மணி
இப்படி மீட்டர் மீட்டராக வெட்டினால் யாரும் எதையும் கட்ட முடியாது. 2019 அறிவிப்பு என்ன செய்தது? 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிக்குத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. நேற்று 120 மீட்டரில் சட்டவிரோதம், இன்று அதே இடத்தில் சட்டப்படி. கடல் நகரலை, காகிதம்தான் நகர்ந்தது. அதனால் நிற்பதை முறைப்படுத்தி அபராதம் வாங்குவதுதான் நியாயம். சிங்கப்பூரைப் பாருங்க, விதி ஒன்று, எல்லாருக்கும் ஒன்று.

குப்பத்துக் குரல்
மணி அண்ணே, ‘நிற்பதை முறைப்படுத்து’ன்னு சொன்னா யார் வீடு நிற்கும், யார் வீடு விழும்னு யோசிச்சீங்களா? தடைப் பகுதிக்குள் பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ உரிமை இருக்கிறது ‘அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்துக்கு’ மட்டும். பங்களாக்காரரிடம் ஊராட்சி வரைபட அனுமதி ஒன்றாவது இருக்கும். மூணு தலைமுறையாகக் கரையில் இருக்கும் மீனவக் குடும்பத்திடம் பல குப்பங்களில் பட்டாவே தனித்தனியாகக் கிடையாது. புயலில் ஓடு பறந்தால் அவர் திரும்பக் கட்டுவதுதான் ‘மீறல்’.

இத்தனைக்கும் 2011 அறிவிப்பு மீனவர் பக்கம் கொஞ்சம் கதவு திறந்தது. 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் வீடு கட்டலாம். முறையான அனுமதி இல்லாத பழைய வீடுகளையும் முறைப்படுத்தலாம். நிபந்தனை, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வெளியாருக்கு விற்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் அந்தச் சமூகத்தினர் குறைந்தது மூணு பேர் இருக்கணும். இந்தக் குழு கூடுகிற ஊரில் விதி வேலை செய்யும். கூடாத ஊரில் புகார் கொடுக்க வசதி உள்ளவர் வைத்ததுதான் சட்டம்.

அளவைக்காரர்
சிங்கப்பூர் ஒப்பீட்டை நான் ஏத்துக்கலை, மணி. இங்கே சிங்கப்பூரில் கடலோரம் பெரும்பாலும் அரசு நிலம். ஈஸ்ட் கோஸ்ட் முழுக்க 1966-இல் தொடங்கி கடலைத் தூர்த்து உருவாக்கினது. ஒரு காலத்தில் காத்தோங்கில் கடலைப் பார்த்து நின்ற பங்களாக்கள் இப்போ உள்ளே தள்ளி நிற்குது. சென்டோசா கோவ் வீடுகள்கூட 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில்தான். மீறுவதற்குத் தனியார் கரை மிச்சமிருந்தால்தானே மீறல் வரும்?

இங்கே அக்கறை உயரத்தில். நாட்டின் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்கு. அதனால் 2011-இல் புதிதாகத் தூர்க்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரத்தை 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கினாங்க. 2020 முதல் கரைப் பாதுகாப்பைப் பி.யு.பி (சிங்கப்பூரின் தேசிய நீர் நிறுவனம்) பார்க்குது. இந்திய விதி கிடையாகத்தான் அளக்குது. தட்டையான மணற்கரையில் 200 மீட்டர் தள்ளியும் தரை தாழ்வாக இருக்கலாம். 2019 அறிவிப்பில் அபாயக் கோடுன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது பேரிடர்த் திட்டமிடலுக்கு மட்டும். கட்ட அனுமதியில் அதுக்கு வேலை இல்லை. இது பெரிய குறை.

பாசிர் ரிஸ் மணி
ஒப்பீடு பொருந்தலைன்னே வைப்போம். உரிமையாளர் என்ன தப்பு செய்தார்? கொச்சி மரடு அடுக்குமாடிகளுக்கு 2006-இல் ஊராட்சி அனுமதி கொடுத்தது. குடியேறினவங்க வங்கிக் கடன் வாங்கிப் பணம் கட்டினவங்க. அந்த ஊர் பிறகு நகராட்சியானது, மண்டல வகையும் மாறியது. ஆனாலும் சி.ஆர்.இசட் மீறல்னு இடிக்கச் சொல்லி 2019 மே 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2020 ஜனவரி 11, 12-இல் வெடிவைத்துத் தகர்ப்பு. அனுமதி கொடுத்த கைக்கு என்ன ஆச்சு?

குப்பத்துக் குரல்
அங்கேதான் நம்ம ரெண்டு பேரும் ஒரே இடத்தில் நிக்கிறோம் அண்ணே. கொடுத்தவரையும் பிடிக்கணும், சரி. ஆனா அதையே காரணமாக வைத்து எல்லாவற்றையும் முறைப்படுத்தினால், அடுத்த கட்டுமானக்காரர் முதலில் சுவர் எழுப்பிவிட்டு அப்புறம் அபராதம் கட்டுவார். அபராதம் அவருக்கு இன்னொரு கட்டணம். குப்பத்துக்காரரால் அதையும் கட்ட முடியாது. மரடில் நிரூபணமானது ஒண்ணு: உள்ளாட்சி அனுமதி சி.ஆர்.இசட் ஒப்புதலுக்கு மாற்று ஆகாது. டி.டி.சி.பி முத்திரையும் அப்படித்தான்.

அளவைக்காரர்
இன்னொரு சிக்கலும் சேகருக்குச் சொல்லணும். உயர் அலைக் கோடு நிலையானது இல்லை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டு மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கி நகரும். குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1980-களில் கட்டிய துறைமுகச் சுவரால் புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்தது இப்படித்தான். மனைக்குத் தெற்கே மீன்பிடித் துறைமுகமோ கடலுக்குள் நீளும் கல் தடுப்போ இருக்கா, வரப்போகுதான்னு பாருங்க. 260 சில பருவமழைக்குள் சுருங்கலாம்.

மேற்குப் பக்கத்தையும் மறக்காதீங்க. முட்டுக்காடு கழியிலும் (கடல்நீர் ஏறும் உப்பங்கழி) பக்கிங்காம் கால்வாயிலும் ஓதம் ஏறும் இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கு. 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், எது குறைவோ அது. ஓதம் எதுவரை ஏறுதுன்னு வறண்ட பருவத்தில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம்வரை கணக்கிடுவாங்க.

தெம்பனிஸ் சேகர்
அப்போ எந்த அறிவிப்பு எனக்குப் பொருந்தும், 2011-ஆ 2019-ஆ?

அளவைக்காரர்
2019 அறிவிப்புப்படி திருத்திய மேலாண்மைத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் வந்த தேதியிலிருந்துதான் அது அந்தக் கடற்கரைக்கு அமலாகும். அதுவரை 2011. அனுமதிக் காகிதத்தில் எந்த அறிவிப்பு, எந்தத் தாள் எண்ணுன்னு எழுதியிருக்கணும். இல்லைன்னா முன்பணம் கொடுக்காதீங்க. சிங்கப்பூர்க் குடியுரிமையோடு ஓ.சி.ஐ (இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டை வைத்திருந்தால் விவசாய நிலமும் வாங்க முடியாது, அடங்கலில் (கிராம நிலப் பதிவேடு) நில வகையைப் பாருங்க.

பாசிர் ரிஸ் மணி
அப்படின்னா வாங்காதீங்கன்னு நேராவே சொல்லிடலாமே.

குப்பத்துக் குரல்
வாங்கலாம், அண்ணே. 500 தாண்டி, கழிக்கும் தள்ளி, வரைபடத்தோட. அந்த 500 மீட்டருக்குள்ளே மீனவங்க வலை உலர்த்தட்டும், படகு ஏத்தட்டும். சேகர், புல எண்ணை இங்கே போடுங்க, எந்தத் தாளில் விழுதுன்னு பார்ப்போம்.