20 ஸ்பேஸ் மரீன்: 12-க்கு ப்ரைமர் மணல் மாதிரி, 5-க்கு வெள்ளைப் படலம். காப்பாற்ற முடியுமா?

நீலப்படை (சுங்கை சிப்புட்)
வணக்கம். எல்லாம் வார்ஹாமர் விளையாட்டின் சின்னப் பிளாஸ்டிக் வீரர் உருவங்கள், அல்ட்ராமரீன் என்ற படைப்பிரிவின் நீலம்.

12 உருவத்துக்குக் கறுப்பு ஸ்ப்ரே ப்ரைமர் (சாயத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தேன். வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளி, மத்தியானம் 1 மணி, சுள்ளென்று வெயில், கொஞ்சம் காற்று. ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடித்தேன். காய்ந்த பிறகு முழங்கால் கவசத்தைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

முழுக்க முடித்து, தோளில் சின்னம் ஒட்டிய 5 உருவத்துக்கு மேட் வார்னிஷ் (மினுங்காத காப்புப் பூச்சு) ஸ்ப்ரே. மாலை 6 மணி, மழை விட்ட கையோடு. பத்து நிமிஷத்தில் திருநீறு பூசினாற்போல் வெளுத்துவிட்டது. பள்ளங்களில்தான் அதிகம்.

மிச்சம் 3 இன்னும் தொடவில்லை. கேன் கெட்டுப்போனதா? ஹார்ட்வேர் கடைத் தின்னரில் ஊறப்போட்டால் எல்லாம் போய்விடுமா?

மூணாம்நம்பர் தூரிகை
தம்பி, முதலில் தின்னர் டின்னை மூடி வை. அந்த உருவங்கள் பாலிஸ்டைரீன். தின்னரிலோ அசிட்டோனிலோ போட்டால் சாயம் போவதற்கு முன்னால் உருவத்தின் மூக்கே கரைந்து போய்விடும்.

கேன்மேல் குற்றம் இல்லை. இது ரெண்டு வியாதி, காரணமும் வேறு வேறு. ஒரு முழம் தூரம், வெயில், காற்று மூன்றும் சேர்ந்தால் சாயத்துளி உருவத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து தூளாக வந்து உட்காரும். அதுதான் மணல். வெள்ளைப் படலம் ஈரத்தால் வருவது. வார்னிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். மழை விட்ட காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து, படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களை விட்டுவிடும். வெளிச்சம் அதில் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தில் வார்னிஷ் தேங்கி மெதுவாகக் காய்வதால் அங்கே கூடுதல்.

ஆகவே அந்த 5-இன் சாயத்தை உரிக்காதே, சின்னமும் சேர்ந்து போய்விடும். கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாக ஒரு கை பூசு. பொத்தல்களை அது நிரப்பினால் அடியில் இருக்கும் நீலம் திரும்பி வரும். ஒன்றில் மட்டும் முதலில் செய்து பார். ஒரு ராத்திரி காயவிட்டு, மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசு. மேட் பாட்டிலை நன்றாகக் குலுக்கணும். மினுமினுப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் ஊற்றினால் முதலில் பளபளப்பும் கடைசிச் சொட்டுகளில் மறுபடி வெள்ளையும்தான் வரும்.

12 உருவத்துக்கு: பழைய டூத் பிரஷை ஈரமில்லாமல் எடுத்து அழுத்தித் தேய். மேலே உட்கார்ந்த தூள் மட்டும் உதிரும். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மார்புக் கழுகைப் பார். இறகுக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் விட்டுவிடு. கோடு மூடிப்போய் மொழுக்கென்று இருந்தால்தான் உரிக்கணும்.

ஒட்டுப்பலகை
உரிக்கிற பேச்சு வந்ததால் சொல்கிறேன், தம்பி. பழுப்பு நிற டெட்டோல் போதும், தண்ணீர் கலக்காமல். மூடி உள்ள கண்ணாடிப் போத்தலில் உருவம் மூழ்க ஊற்றி 24 மணி நேரம். கையுறை போட்டு வெளியே எடுத்து, டெட்டோலிலேயே தோய்த்த டூத் பிரஷால் தேய்க்கணும். இங்கேதான் எல்லாரும் சறுக்குவது: நேரே குழாயடியில் காட்டினால் கரைந்த சாயம் தார் மாதிரி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் துணியால் துடை, சாயம் முழுக்கப் போன பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

பிளாஸ்டிக் சிமெண்டில் ஒட்டிய கை கழலாது. சூப்பர் குளூவில் ஒட்டியது கழலலாம்.

மூணாம்நம்பர் தூரிகை
டெட்டோல் வாசம் வீட்டில் மூன்று நாள் நிற்கும், அக்கா. 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். தீப்பற்றும் என்பதால் அடுப்பு, சாமி விளக்கு பக்கம் மட்டும் வேண்டாம்.

ஒட்டுப்பலகை
வாசம் பிடிக்காதவர்கள் அப்படிச் செய்யலாம். டெட்டோலை மளிகைக் கடையிலேயே வாங்கலாம், அதற்காக ஈப்போ போகத் தேவையில்லை.

நீலப்படை
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கிளாஸ் பூசிய உருவத்தில் நீலம் திரும்பிவிட்டது, கக்கத்தில் மட்டும் லேசாகச் சாம்பல். 12-ல் 8 டூத் பிரஷிலேயே தேறிவிட்டது, 4 டெட்டோலில் கிடக்கிறது.

இனி ஸ்ப்ரே எந்த நேரத்தில் அடிப்பது? காலையில் ஈரம், மத்தியானம் சூடு, சாயந்திரம் மழை!

மூணாம்நம்பர் தூரிகை
கக்கத்தில் கிளாஸ் எட்டியிருக்காது. சின்னத் தூரிகையால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கை.

ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் மழை இல்லாத நாளில் 11-லிருந்து 2 மணிக்குள். ஈரம் குறைவது அப்போதுதான். ஆனால் வெயிலில் நிற்காதே. காற்று அடிக்காத நிழல், அஞ்சடி (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) மாதிரி இடம். தூரம் 20 முதல் 25 செண்டிமீட்டர், உன் விரித்த சாண் அளவு. கேனை 2 நிமிஷம் குலுக்கு. பலகைத் துண்டில் ரெட்டைப்பக்க டேப் ஒட்டி 5 உருவம் நிறுத்து. உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போன பிறகு விரலை எடு. மூன்று மெல்லிய வீச்சு போதும்.

என் கட்சி வேறு. இந்த ஊருக்குத் தூரிகை ப்ரைமர்தான். சோப்பில் கழுவிக் காயவைத்த உருவத்தில், பட்டையான மெத்துத் தூரிகையால் ரெண்டு மெல்லிய பூச்சு. பாலியூரிதேன் வகை என்றால் 24 மணி நேரம் தொடாதே. அதை உப்புத்தாளால் தேய்த்தால் தோல் மாதிரி உரிந்து வரும்.

ஒட்டுப்பலகை
நீலத்துக்கு வருவோம். 5 பேராக எடு. 20-ஐயும் ஒன்றாகப் பரப்பினால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். அடிப்படை நீலச் சாயமான மாக்ராக் ப்ளூ ரெண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, இரண்டு பூச்சு. கவச இடுக்குகளில் மட்டும் நல்ன் ஆயில், நிழல் காட்டும் நீர்த்த கறுப்புச் சாயம். விளிம்புக்கு வெளிர் நீலமான கால்கார் ப்ளூ, தூரிகையின் நுனியால் இல்லை, அதன் பக்கவாட்டை விளிம்பில் இழுத்தால் கோடு நேராக வரும். கூர்மையான முனைகளில் ஃபென்ரிசியன் கிரே ஒரு புள்ளி.

நீலப்படை
நல்ன் ஆயில் காய்ந்ததும் காப்பிக் கறை மாதிரி வளையம் விழுகிறதே? ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் சாயத்துக்கு மாறிவிடலாமா?

ஒட்டுப்பலகை
கறுப்பு ப்ரைமர்மேல் கான்ட்ராஸ்ட் தெரியவே தெரியாது, அதற்கு வெளிர் அடித்தளம் வேண்டும். வளையத்துக்குக் காரணம் உன் தலைக்கு மேலே சுற்றும் விசிறி. தேங்கிய சாயக் குட்டையின் ஓரம் முதலில் காய்ந்து நிறத்தை அங்கேயே இழுத்துக்கொள்கிறது. விசிறியை நிறுத்திவிட்டு, குட்டை கட்டிய இடத்தைக் காய்வதற்குள் ஈரத்தூரிகையால் உறிஞ்சி எடு. நம்ம ஈரத்துக்கு அரை மணி நேரம் கொடு. ஹேர் ட்ரையர் பிடித்தால் குட்டையை இன்னொரு பக்கம் தள்ளிவிடும்.

விழுந்துவிட்ட வளையத்தைத் துடைக்க வேண்டாம். தட்டையான பகுதியில் மாக்ராக் ப்ளூவை நீர்க்கப் பூசி மூடிவிடு.