அணுகல் வேலைக்கு அடுத்த ரெண்டு வருஷ திட்டம்: எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். தென்மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து சமத்துவ அமைப்பு ஒண்ணு நடத்துறோம். வீல்சேர்ல வர்றவங்க, பார்வையில்லாதவங்க, காது கேட்காதவங்க, மனவளர்ச்சி குறைஞ்ச புள்ளைங்களோட அம்மாங்கன்னு எல்லாரும் இருக்காங்க. இதுவரைக்கும் உதவித்தொகை, யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு, ஸ்கூட்டர் மனுன்னே காலம் போயிடுச்சு, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தா ஒரு பேரணி, அவ்வளவுதான். இனிமே ரெண்டு வருஷம் அணுகலை மட்டும், அதாவது கட்டடம், தகவல், சேவை எல்லாம் எங்களுக்கும் எட்டுற மாதிரி இருக்கணுங்கறதை மட்டும் கையில எடுக்கலாம்னு கூட்டத்துல பேசி முடிவு பண்ணிட்டோம்.

இங்க ஒரு அரசு ஆபீஸ்ல சாய்தளம் போட்டிருக்காங்க. மூணு படி உயரத்துக்கு ஆறடி நீளம்தான், மேல வழவழன்னு டைல்ஸ் வேற, பின்னாடி ரெண்டு பேர் பிடிச்சு தள்ளாம ஏறவே முடியாது, ஏறிட்டாலும் முன்னாடி இருக்குற கதவு எப்பவும் பூட்டியே கெடக்கும். கேட்டா "அதான் ரேம்ப் போட்டாச்சே"ங்குறாங்க. இந்த மாதிரி ஊர் பூரா இருக்கு. எதை முதல்ல தொடணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

அளவுநாடா:
தோழர், முதல்ல ஒரு டேப் வாங்குங்க. விளையாட்டுக்கு சொல்லல. "சரியில்ல"ன்னு மனு போட்டா ஃபைல்ல தூங்கும், அளவோட போட்டா பதில் சொல்லியே ஆகணும். சாய்தளம் 1:12ல இருக்கணும், அதாவது ஒரு அடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம். நீங்க சொல்ற மூணு படி சுமார் ஒன்றரை அடி வரும், அப்போ பதினெட்டு அடி வேணும், போட்டிருக்கறது ஆறு. இதை போட்டோவோட எழுதுங்க, ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கா, தரை வழுக்குதா, கதவு 90 செமீ திறக்குதா, டாய்லெட்டுக்குள்ள வண்டி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் இருக்கா, எல்லாத்தையும் எழுதுங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பிரிவு 45, ஏற்கனவே இருக்குற பொதுக் கட்டடங்களை விதி வந்ததுல இருந்து அஞ்சு வருஷத்துல மாத்தணும்னு சொல்லுது. விதி வந்தது 2017 ஜூன். அந்தக் கெடு 2022லயே முடிஞ்சு போச்சு. ஆனா என்னைக் கேட்டா உங்க பலத்துல பாதிக்கு மேல பிரிவு 44ல போடுங்க. அதுபடி விதிக்கு ஒத்து வராத பிளானுக்கு அனுமதியும் கிடையாது, கட்டி முடிச்ச சான்றிதழும் கிடையாது. ஊர்ல இப்ப என்னென்ன கட்டிட்டு இருக்காங்கன்னு பாருங்க, பஸ் ஸ்டாண்டா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரி பிளாக்கா, ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு பிளானை வாங்குங்க. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி சொன்னா ஒரு கோட்டை மாத்தி வரைஞ்சா போதும், போட்டதுக்கு அப்புறம் சொன்னா பத்து வருஷம் அலைய விடுவாங்க.

ராஜீவ் ராத்தூரி வழக்கையும் சேர்த்து எழுதுங்க. பார்வையற்ற ஒருத்தர் 2005ல போட்ட வழக்கு அது. 2024 நவம்பர் 8ல சுப்ரீம் கோர்ட், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா பின்பற்ற வேண்டிய விதி வரணும்னு சொல்லிருச்சு.

கேட்டுப்படிப்பவள்:
அளவுநாடா அண்ணா சொன்னது எல்லாம் சரிதான், ஆனா அணுகல்னு பேச்செடுத்தாலே சாய்தளத்துல ஆரம்பிச்சு டாய்லெட்ல முடிஞ்சுடுது. நான் பார்வையில்லாதவ. எனக்கு தினமும் மறிக்கிற சுவர் போன்லதான் இருக்கு. அரசாணையை ஸ்கேன் பண்ணி படமா பிடிஎஃப் போடுறாங்க, திரையில இருக்குற எழுத்தை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் வெள்ளைத்தாள். பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணி அனுப்புனா "m, k;, kh"ன்னு உளறுது. பேங்க்ல ஆளை சரிபார்க்குற கேஒய்சில கேமராவைப் பாத்து கண்ணைச் சிமிட்டுங்கறாங்க, நான் எந்தப் பக்கம் பாத்து சிமிட்ட? இதுக்கும் தீர்ப்பு இருக்கு, 2025 ஏப்ரல் 30, பிரக்யா பிரசூன் வழக்கு. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க போட்டது, டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனப் பிரிவு 21ல வாழ்ற உரிமையோட சேர்ந்ததுன்னு கோர்ட் சொல்லிருக்கு.

அதனால திட்டத்துல முதல் வரியா ஒண்ணு சேர்த்துக்கோங்க: மாவட்டத்துல வர்ற எந்த அறிவிப்பும் யூனிகோடுல, அதாவது இப்ப போன்ல டைப் பண்ற பொது எழுத்துமுறையில, ஸ்க்ரீன் ரீடர் படிக்கிற மாதிரி வரணும். செலவே இல்லாத கோரிக்கை. உங்க வாட்ஸப் குரூப்லயும் கூட்ட அழைப்பை படமா போடாம எழுத்தா போடுங்க.

விரல்மொழி:
காது கேட்காதவங்க பக்கத்துல இருந்து நான். ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பரை வாயால கூப்பிடுறாங்க, நாங்க காலையில இருந்து உட்கார்ந்திருப்போம், பக்கத்துல இருக்கவங்க தட்டிச் சொன்னாத்தான் உண்டு. நம்பர் காட்டுற போர்டு ஒண்ணு வைங்கன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. அதைவிடக் கொடுமை, எங்க பொண்ணுங்க மாசப்பிரச்சனையை டாக்டர்கிட்ட தம்பியை வச்சோ மாமியாரை வச்சோ சொல்ல வேண்டியிருக்கு, பாதியை சொல்லாமலே வந்துடுறாங்க. சைகை மொழி பெயர்ப்பாளருக்கு காசு எங்கேர்ந்து வரும்னு இப்பவே எழுதி வச்சுக்கோங்க, கடைசியில பாத்துக்கலாம்னா அது வராது. உங்க கூட்டத்துக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

பொருநைக்கரை:
அக்கா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், தினமும் இதே ஆபீசர்கள்கிட்டதான் உதவித்தொகைக்கும் போய் நிக்கணும், சட்டப்பிரிவைக் காட்டி மனு போட்டா மத்த வேலை கெட்டுடும்னு சில பேர் பயப்படுறாங்க.

அளவுநாடா:
நியாயமான பயம்தான். தனி ஆள் பேர்ல போடாதீங்க, அமைப்பு லெட்டர்பேட்ல போடுங்க. திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாள்ல கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க, பதில் வரலைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு போகலாம், அவருக்கு சம்மன் அனுப்புற அதிகாரமே இருக்கு. இன்னொரு வழியும் திறந்திருக்கு, 2025ல தமிழ்நாட்டுல சட்டம் திருத்தி உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போடுறாங்க. உங்க ஊர்ல யாருன்னு பாத்து அவங்களுக்கு சட்டம், அளவு எல்லாம் சொல்லிக் கொடுங்க, உள்ள உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைக்கும்.

பராமரிப்பையும் எழுதிக்கோங்க. மெரினாவுல வீல்சேர் அலை வரைக்கும் போற மரப்பாதையை 2022 நவம்பர்ல திறந்தாங்க, எத்தனையோ பேர் வாழ்க்கையில முதல்தடவை அலையில கால் வச்சாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் சேதப்படுத்திருச்சு. அதை சரி பண்ணது சென்னைங்கறதால, கேமரா இருந்ததால. உங்க ஊர்ல கைப்பிடி உடைஞ்சா யார் சரி பண்ணுவாங்க, எத்தனை நாள்ல, எந்த நிதியில, இதை எழுத்துல வாங்கிடுங்க. பிளான் கேக்குற ஆர்டிஐ மனுவுக்கு ஒரு மாதிரியை நாளைக்கு இங்கயே போடுறேன், எழுத்தாவே.