ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற ஷாஃப்ட் ஸ்ப்லைன் முடியும் இடத்தில் முறிகிறது: உதவி தேவை

சாட்ஸ்வொர்த், டர்பன் (கேள்வி)

வணக்கம். இழுப்புப் போட்டிக்காக நாங்கள் கட்டியிருக்கும் நான்கு சக்கர பக்கியில், ஸ்லெட்டின் (வண்டி இழுக்கவேண்டிய பாரச் சறுக்கின்) பாரப்பெட்டி முன்னோக்கி ஏறி இழுப்பு கடினமாகும் நேரத்தில், ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டியிலிருந்து) பின் அச்சுப் பக்கமாக வெளிவரும் ஷாஃப்ட் முறிந்துவிடுகிறது. வண்டியுடன் வந்த ஷாஃப்ட் போன பிறகு, அதே அளவில் ஈ.என். 24 டி (ஏற்கெனவே பதனிட்ட, டி நிலைக் கலப்பு எஃகு) உருளையிலிருந்து எங்கள் லேத்தில் ஒன்றைக் கடைந்து மாட்டினோம்; அதுவும் ஸ்ப்லைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) முடியும் இடத்திலேயே முறிந்தது. ஸ்ப்லைனின் அடிவிட்டம் 34 மில்லிமீட்டர். எஞ்சினின் முறுக்குவிசை 800 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 2.5, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து விசை கூட்டும் கியர்) விகிதம் 2.5. வேறு எஃகுக்கு மாறவேண்டுமா, இதையே கடினப்படுத்தினால் போதுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் (பதில்)

தம்பி, எஃகைப் பற்றிப் பேசுவதற்கு முன் முறிந்த முகத்தைப் பாருங்கள். முகம் அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக இருந்து, பற்களும் முறுகியிருந்தால், உலோகம் தாங்கும் அளவைத் தாண்டிய பாரம் என்று பொருள். 45 பாகைச் சரிவில் சுருளாக உடைந்திருந்தால் உலோகம் நொறுங்கும் அளவுக்குக் கடினமாகிவிட்டது. பற்களின் அடியிலிருந்து நட்சத்திரம் போலக் கோடுகள் உள்நோக்கிச் சென்றால் அது களைப்பு முறிவு.

சாட்ஸ்வொர்த்

முகம் தட்டையாகத்தான் இருக்கிறது, ஐயா. பற்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முறுகியுள்ளன.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்படியானால் கணக்கே விடை சொல்லிவிடும். 800-ஐ 2.5-ஆல் இருமுறை பெருக்கினால் 5000 நியூட்டன் மீட்டர். முன்சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பும்போது இதில் பெரும்பகுதி பின்புற ஷாஃப்டுக்கே வரும். 34 மில்லிமீட்டர் விட்டத்தில் அது மேற்பரப்பில் ஏறத்தாழ 650 மெகாபாஸ்கல் சறுக்குத் தகைவை (முறுக்கும்போது உலோகத்தில் ஒரு பரப்பளவுக்கு ஏற்படும் விசையை) உண்டாக்கும். டி நிலையில் உள்ள ஈ.என். 24 நிரந்தரமாக முறுகத் தொடங்குவதோ சுமார் 390-இல். ஆகவே நீங்கள் கடைந்த ஷாஃப்ட் முறிந்ததில் வியப்பில்லை, வேலையிலும் குறையில்லை.

தகைவு விட்டத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், பேரிங் துளை இடம் கொடுத்தால் அடிவிட்டத்தை 38 ஆக்குங்கள். அதே முறுக்குவிசைக்குத் தகைவு 465 அளவுக்கு இறங்கிவிடும். எஃகை மாற்றுவதைவிட இந்த நான்கு மில்லிமீட்டரையே நான் முதலில் நம்புவேன்.

லெனேசியா (பதில்)

விட்டத்தோடு கடினத்தன்மையும் வேண்டும் என்பது என் கருத்து. ஈ.என். 24-ஐ எண்ணெயில் குளிர்வித்து, ராக்வெல் சி என்னும் கடினத்தன்மை அளவில் 42 அருகே வரும்படி டெம்பர் செய்தால் (மறுபடி மிதமாகச் சூடாக்கினால்), தாங்கும் சறுக்குத் தகைவு ஏறத்தாழ 690-ஐ எட்டும். ஆனால் 250 முதல் 375 பாகை செல்சியஸ் வரையிலான டெம்பர் வெப்பநிலையைத் தவிர்க்கும்படி பதனிடும் பட்டறையில் எழுத்திலேயே கேளுங்கள். அந்த இடைவெளியில் இந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஷாஃப்டை உலையில் செங்குத்தாகத் தொங்கவிடச் சொன்னால் வளைவும் குறையும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் கடினம் கூடக்கூடக் கூர்மூலை பகையாகும். ஸ்ப்லைன் திடீரென்று நிற்காமல் மெல்ல மேலேறி முடியட்டும். உடலை அடிவிட்டத்துக்குச் சற்றுக் கீழே கடைந்து, படி வருமிடங்களில் இடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய ஆரம் கொடுத்து, கருவித்தடம் தெரியாதபடி நீளவாக்கில் மெருகிடுங்கள். அப்போது முறுக்கு ஒரே கோட்டில் குவியாமல் உடல் முழுவதும் பரவும். பதனிடுவதற்கு முன்பே பற்களை வெட்டி, மறுபக்க யோக்கில் (பற்கள் நுழையும் இணைப்புத் துண்டில்) சற்றுத் தளர்வாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். பேரிங் அமரும் இடங்களில் மட்டும் கிரைண்டிங்குக்குக் கால் மில்லிமீட்டர் விடுங்கள்.

சாட்ஸ்வொர்த்

பேரிங் துளையில் 45 மில்லிமீட்டர் வரை இடமிருக்கிறது. 38-இல் கடைகிறோம். அடுத்து எது முறியும்?

லெனேசியா

பெரும்பாலும் யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்டுகளைச் சாய்வாகவும் சுழலவிடும் மூட்டு). அதில் 1350 என்னும் அளவு வரிசை இருந்தால் 1480-க்கு மாறுங்கள். இனி உடைவது சுழலும் ப்ரொப் ஷாஃப்டாகவும் (அங்கிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் நீள ஷாஃப்டாகவும்) இருக்கலாம் என்பதால், அதைச் சுற்றி எஃகு வளையக் காப்பு பூட்டிய பிறகே வண்டியைக் களத்தில் இறக்குங்கள்.