பம்பரில் அடித்த பைபர் மூன்று மாதத்தில் கழன்று வருது, திரும்ப அடிக்கிறதா, மாத்துறதா?

கல்லாற்றுப் பொடியன்
வணக்கம். கார் வேகன் ஆர், 2017 மொடல். தை மாதம் ஒரு இரவு அக்கரைப்பற்றிலிருந்து வரும்போது காரைதீவு தாண்டி நடு றோட்டில மாடு. பிரேக் பிடிச்சும் பம்பரின் இடப்பக்க மூலை பட்டுட்டு. மாடு எழும்பி, உதறிட்டு நடந்து போயிட்டு. பம்பர் ஒரு சாண் நீளத்துக்கு வெடிச்சு, மட்காட்டோட மாட்டுற காதும் முறிஞ்சு போச்சு.

பக்கத்துக் கராஜில குடுத்தன். உள்ளுக்குப் பைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைச்சு ரெசின் (காய்ஞ்சு இறுகிற பசை) பூசி, வெளியில பில்லர் (மட்டமாக்கிற பட்டி) இழுத்து, பெயின்ட் அடிச்சுத் தந்தாங்க. அப்ப புதுசு மாதிரித்தான் இருந்தது. இந்தச் சித்திரை வெயில்ல அதே கோட்டில திரும்ப வெடிப்பு. நேற்று கழுவினா பெயின்ட் வெங்காயத் தோலா உரியுது. உள்ளுக்குப் பார்த்தா பைபர் முழுத் துண்டாக் கையோட வருது. கராஜ் பாஸ், 'ரெசின் பழசு போல, திரும்ப அடிச்சுத் தாறன்' என்கிறார். குடுக்கட்டா? இல்லாட்டி கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடைகள்ல ரீகண்டிஷன் பம்பர் பார்க்கட்டா?

வாழைச்சேனை போட்காரன்
கெற்றலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற மருந்து) அளவு பிழைச்சிருக்கும் தம்பி. நாங்க போட்டுக்கு (படகுக்கு) அடிக்கிற பைபர் உப்புத் தண்ணியில வருசக்கணக்கா நிக்குது. கழட்டிக் கொண்டு வாங்க, ஒழுங்கா அடிச்சுத் தாறன்.

காத்தான்குடி கராஜ்காரன்
போட்கார அண்ணன் கோவிக்கக் கூடாது. போட்டே பைபர்தான், அதுக்கு மேல பைபர் பிடிக்கும். 1953ல வந்த கோர்வெட் காரின் வெளி உடம்பும் கண்ணாடி நார்தான், அதையும் அண்ணன் தாராளமாப் பார்க்கலாம். பம்பர் வேற சாமான். ரெசின் அதில தாமரை இலைத் தண்ணி மாதிரித்தான் நிற்கும். எவ்வளவு நல்ல ரெசின் ஊத்தினாலும், காய்ஞ்சு ஒரு மூடி மாதிரி மேல கிடக்கும், உள்ளுக்குப் பிடிக்காது. வெயில்ல பம்பர் நீளும், பைபர் அந்தளவுக்கு நீளாது. மறுகா என்ன, கழரும்.

தம்பி, முதல்ல பம்பரைக் கழட்டி உட்பக்கத்தைப் பாருங்க. எங்கயாவது இரண்டு அம்புக்குறிக்கு நடுவில எழுத்து அச்சாகி இருக்கும். அதை இங்க போடுங்க. அது தெரியாம ஒருத்தரும் கை வைக்கப்படாது.

அக்கரைப்பற்று ஆதம்
எழுத்து இல்லாட்டி ஒரு துண்டு வெட்டித் தண்ணியில போடுங்க, மிதந்தா பிபி (பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்).

காத்தான்குடி கராஜ்காரன்
அது வெறும் பிபிக்குச் சரி. பம்பர் பிபியில டால்க் மா கலப்பாங்க. இருபது வீதம் போனா அதுவும் தாழும். ஏபிஎஸ் என்கிற மற்றப் பிளாஸ்டிக்கும் தாழும். தண்ணிச் சோதனையை நம்பி நானே ஒருக்கா ஏமாந்திருக்கன். அசிட்டோன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபி அசையாது.

கல்லாற்றுப் பொடியன்
கழட்டிட்டன். 'பிபி+இபிடிஎம்-டி20' என்று கிடக்கு.

காத்தான்குடி கராஜ்காரன்
நினைச்சதுதான். பிபியோட ரப்பர், இருபது வீதம் டால்க். இதை உருக்கித்தான் ஒட்டணும். பழைய பைபரை முழுக்கச் சுரண்டுங்க. பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவணும். தேய்க்கிறதுக்கு முன்னுக்கே கழுவணும், இல்லாட்டி மெழுகு, எண்ணெயெல்லாம் தேய்க்கிற பேப்பரோட உள்ளுக்குப் போயிடும். வெடிப்பு முடியிற நுனியில மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுங்க, அதுக்கு மேல ஓடாது. கோட்டை வி வடிவில வெட்டி, அதே பிளாஸ்டிக் கம்பியை வைச்சு ஹொட் எயார் கன்னால உருக்கணும். பிபி 165 பாகையில உருகும். கம்பியும் பம்பரும் ஒரே நேரத்தில இளகணும், கம்பி மட்டும் இளகினா அது ஒட்டு இல்ல, வெறும் மெழுகுதிரிச் சொட்டு. உட்பக்கத்தில ஸ்டெயின்லெஸ் வலை ஒன்று புதைச்சு விடுங்க. சாதா இரும்பு வலை நம்மட கடல் காத்துக்குத் துருவேறி வெளியில கறை காட்டும்.

தேய்க்கிற மெஷினை மெதுவா ஓட்டணும், வேகம் கூடினா பிபி பஞ்சு மாதிரி நூல் நூலா எழும்பும். பெயின்ட்டுக்கு முன்னுக்குப் பிளாஸ்டிக் பிரைமர் (பெயின்ட் பிடிக்கிறதுக்கு அடிப்பூச்சு) கட்டாயம். உங்களுக்கு உரிஞ்சதைப் பார்த்தா அதை அடிச்ச மாதிரித் தெரியல்ல.

அக்கரைப்பற்று ஆதம்
கேபிள் டையை உருக்கி ஒட்டுற வீடியோ பார்த்தன், லேசாக் கிடக்கு.

காத்தான்குடி கராஜ்காரன்
கேபிள் டை நைலோன் வாப்பா. பிபியோட கலக்காது. பழைய வாகன யார்டில உடைஞ்ச பம்பரில அதே எழுத்து இருக்கிறதாப் பார்த்து, கீலம் கீலமா வெட்டி எடுங்க. கம்பிக் காசும் மிச்சம்.

அம்பாறை ஆசிரியை
குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். எங்கட பழைய எக்ஸ்-ட்ரெயில் டி30இல முன் மட்காட்டே பிளாஸ்டிக். கராஜில தகரம் என்று நினைச்சு ஹீட் குடுத்து உருக்கிட்டாங்க. இப்ப எந்த பாஸிடம் போனாலும் கைப்பையில காந்தம் ஒன்று. ஒட்டிக் காட்டிட்டுத்தான் பேச்சு.

காத்தான்குடி கராஜ்காரன்
டீச்சர் சொன்னது நூறு வீதம். இன்னொன்றும் இருக்கு. 2016 சி-ஹெச்ஆர் போல வண்டிகள்ல முன் எம்பளத்துக்கு (கம்பனிச் சின்னத்துக்கு) பின்னால, முன்னுக்கு வாகனம் இருக்கா என்று அலை விட்டுப் பார்க்கிற ரேடார். சில வண்டியில பின் பம்பர் மூலையிலயும் ரேடார். அதுக்கு நேர பில்லரைத் தடிப்பா இழுத்தா அலை ஒழுங்காப் போகாது. உங்கட வேகன் ஆருக்கு அந்தப் பயம் இல்ல, தானாப் பிரேக் பிடிக்கிற சிஸ்டம் இருந்தா அதின்ட சென்சர் முன் கண்ணாடியிலதான்.

ஆனா பம்பருக்குப் பின்னால இருக்கிற இரும்புக் குறுக்குச் சட்டம் வளைஞ்சிருக்கா பார்த்தீங்களா? அது வளைஞ்சிருந்தா வெளித்தோலை ஒட்டி என்ன பயன்.

கல்லாற்றுப் பொடியன்
சட்டம் நேராத்தான் கிடக்கு. மூலையில இடிச்சதால தப்பிட்டு.

கல்லாற்றுப் பொடியன் (இரண்டு கிழமைக்குப் பிறகு)
காத்தான்குடிக் காக்காட (அண்ணன்ட) கராஜிலயே செய்தன். முறிஞ்ச காதுக்கு வேற பம்பரின் காதை வெட்டி உருக்கி வைச்சார். ஒட்டின இடத்தைக் கையால முறுக்கிக் காட்டினார், வளையுது, வெடிக்கல்ல. வெயில்ல பார்த்தா பம்பர் வெள்ளையும் பொனட் வெள்ளையும் ஒரு நூல் வித்தியாசம். மனிசி மட்டும் கண்டுபிடிச்சிட்டா. மாட்டுக்காரர் இன்னும் வரல்ல.